வீணையும் விமானப் பிரயாணமும்

— பழைய மாணவன் ஒருவன்

நம் கல்லூரியின் வாணி விழா மேடையில் வீணை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவருட் பலர் இன்று இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலாய தூர நகரங்களிற் குடியிருக்கின்றனர். அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளும் அங்கும் இசை பயில்கின்றனர். பயிலும் பிள்ளைக்கு வீணை வேண்டும். வீணையோ பெரும்பாலும் தஞ்சாவூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ, சிலவேளை யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றிலிருந்தோ கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கின்றது. யூபிலி விழாவுக்குத் தாயகம் வரவிருக்கும் பழைய மாணவர் சிலர், பிள்ளையின் வீணையையும் உடன்கொண்டு வரலாமா, அதனை எவ்வாறு பொதி செய்தல் வேண்டும் என எமக்கு எழுதிக் கேட்டனர். அவர்க்கு எழுதிய விடைகளை ஒழுங்குபடுத்தி, பிறர்க்கும் பயன்படுமாறு ஈண்டுத் தருகின்றோம். இதில் எமது அறிவினும் எமது தவறே பெரிய ஆசிரியனாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

முன்னாளிற் பிரயாணம்

எமது தமக்கையாரின் வீணையை 1956ஆம் ஆண்டு எம் தந்தையார் தஞ்சாவூரில் வாங்கினார். அக்காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புகைவண்டியும் கப்பலும் தொடர்ந்து செல்லும் வழி ஒன்றிருந்தது. தனுஷ்கோடிவரை புகைவண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் மீண்டும் புகைவண்டி. 1914ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வழி 1964 டிசெம்பரில் வீசிய சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்ததோடு முடிவுற்றது. தஞ்சையிலிருந்து யாழ்ப்பாணம்வரை தந்தையார் அவ்வீணையைப் பிறர் கையிற் கொடுத்தாரல்லர். இருக்கையில் அதனைக் கிடத்தித் தாம் நின்று வந்தாரென்று தாயார் சொல்வார்.

விமான வழியும் அப்பொழுது இருந்தது. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. ஆயினும் வீணையை விமானத்திலேற்றும் எண்ணம் அந்நாளில் எம் போன்ற குடும்பங்களுக்கு எழவில்லை. இன்றோ வேறு வழி அரிதாகிவிட்டது. பலாலி 2019 ஒக்ரோபரிற் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே சென்னைக்குச் சேவை தொடங்கியது. 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. எனவே வீணைக்கும் விமானத்துக்குமுள்ள உறவை நாம் செவ்வையாக அறிதல் அவசியமாகின்றது.

வீணையின் பலமும் பலவீனமும்

வீணை ஏறக்குறைய நான்கேகால் அடி நீளமுடையது. ஒரு முனையிற் பலாமரத்தாற் குடையப்பட்ட குடம், மறுமுனையில் யாளிமுகம், இரண்டையும் இணைப்பது தண்டி. தண்டியின் மேற்பாகத்தின் அடியிற் சுரைக்குடுக்கை பூட்டப்படும். குடமும் தண்டியும் ஒரே மரத்திற் கடையப்படின் அது ஏகாண்ட வீணை எனப்படும்; தனித்தனியே செய்து பொருத்தப்படின் ஒட்டு வீணை எனப்படும். தண்டியின்மேல் இருபுறமும் மெழுகினாற் கரை கட்டி, அம்மெழுகில் இருபத்துநான்கு மெட்டுகளைப் பதிப்பர். வாசிக்கும் தந்திகள் நான்கு. தாளத் தந்திகள் மூன்று. அவற்றைக் குடத்தின்மீது தாங்குவது குதிரை.

இவ்வமைப்பிலேயே ஆபத்தும் அடங்கியுள்ளது. பாரமான குடம் ஒரு புறமும், பிரடைகளும் யாளியும் மறுபுறமும் இருக்க, நடுவே மெல்லிய தண்டி நீண்டு கிடக்கின்றது. வீணையை உள்ளடக்கிய பெட்டி மூன்றடி உயரத்திலிருந்து விழுந்து சட்டென நிற்கும்போது, பெட்டி நின்றுவிடினும் பாரமான இரு முனைகளும் நிற்பதில்லை. தாம் வந்த வேகத்தில் மேலும் செல்ல முயலும். அவ்விழுப்பு முழுவதும் தண்டியும் குடமும் கூடுமிடத்தில் வந்து சேரும். எனவே பெட்டியின் வெளியே ஒரு கீறலும் இல்லாதிருக்க, உள்ளே தண்டி முறிந்து கிடத்தல் கூடும். ஒட்டு வீணையாயின் பொருத்து விடுபடும். ஏகாண்டமாயின் மரநார் வழியே பிளக்கும். இரண்டாவது அடிக்கடி நிகழாதாயினும், நிகழ்ந்தாற் பழுதுபார்த்தல் கடினம்.

அடுத்த பலவீனம் மெழுகு. தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை சென்ரிகிறேட்டில் உருகுவது. ஆயின் அதற்கு முன்னரே இளகிவிடும். கட்டுநாயக்காவிலோ சென்னையிலோ நண்பகல் வெயிலிற் பொதிவண்டியின்மேற் கறுத்தப் பெட்டியொன்று அரைமணி நேரம் கிடப்பின், உள்ளே மெழுகு இளகி, மெட்டுகள் சரிந்து சுருதி கெடும். குளிர் மிகுந்த நாட்டிலோ அம்மெழுகே இறுகி உடையுந் தன்மையடைந்து, சிறு அடியிலும் மெட்டுகளை உதிர்த்துவிடும்.

விமானத்தினுள் நிகழ்வன

பொதிக்கூடத்திற் காற்றே இல்லை, அங்கே வைத்த வாத்தியம் வெடித்துவிடும் என்று பலர் அஞ்சுவர். அது பிழையான எண்ணம். பெரிய பிரயாணிகள் விமானங்களிற் பொதிக்கூடத்துக் காற்றமுக்கமும் பிரயாணிகள் அமருமிடத்துக் காற்றமுக்கமும் ஒன்றே. அஃது ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடிவரை உயர்ந்த மலையில் நிற்பதை ஒக்கும். நுவரெலியாவில் நிற்பதிற் சிறிது கூடுதலாகுமேயன்றி வேறன்று. வேறுபடுவது வெப்பநிலை. பொதிக்கூடம் குளிர்ந்தது, சில விமானங்களில் மிகவுங் குளிர்ந்தது.

அமுக்கத்தினும் கொடியது வறட்சி. பறக்கும் விமானத்தின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதிலுங் குறைவு. யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் அறுபது ஆண்டு வாழ்ந்த பலாமரம் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் அவ்வறட்சியிற் கிடந்து, பின்னர்க் கனடாவின் மாரிகாலத்தில் வெப்பமூட்டிய வீட்டினுட் புகுமாயின், அது சுருங்கும். சுருங்குமிடத்து மேற்பலகையில் வெடிப்புத் தோன்றும். எனவே புதிய வீட்டை அடைந்தவுடன் வீணையை எடுத்துச் சுருதி கூட்டுதல் ஆகாது. பெட்டியைத் திறந்து சேதம் உண்டோவெனப் பார்த்துவிட்டு, மீண்டும் மூடி, ஒரு நாளாவது அறையினுள் வைத்திருத்தல் வேண்டும். மாரிகாலத்தில் அவ்வறையில் ஈரமூட்டும் கருவியொன்று இருத்தல் நன்று.

ஆயினும் விமானம் பறக்கும்போது உடையும் வீணை மிகச் சில. ஏற்றும்போதும் இறக்கும்போதும், ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதுமே பெரும்பாலான சேதங்கள் நிகழ்கின்றன. ஆதலின் இடையில் விமானம் மாறாத வழியைத் தேர்தலே முதற் பாதுகாப்பு. அது இயலாதாயின், மாறுமிடங்களைக் குறைத்தல் இரண்டாவது.

கொண்டுசெல்லும் வழிகள்

வயலினைத் தலைக்குமேலுள்ள பெட்டகத்தில் வைத்துவிடலாம். வீணை அதிற் கொள்ளாது. ஆகவே எஞ்சிய வழிகள் இரண்டு.

முதலாவது, வீணைக்கெனத் தனி ஆசனம் வாங்குதல். மேனாட்டுச் செல்லோக் கலைஞர் நெடுங்காலமாக இவ்வாறே செய்து வருகின்றனர். செல்லோவும் வீணையும் உயரத்தில் ஏறக்குறைய ஒப்பன. வாத்தியம் யன்னலோர ஆசனத்தில், நீட்டிய பட்டியினாற் கட்டப்படும்; ஆபத்துவாயில் அருகில் வைக்க விடமாட்டார்; பிறர் வழியை மறைத்தலும் ஆகாது. அமெரிக்கச் செல்லோ வித்துவான் லின் ஹாரல் (1944–2020) தம் செல்லோவுக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்தி, ஏனைய பிரயாணிகளைப் போலவே அதன் பெயரிலும் பறந்த மைல்களைச் சேர்த்து வந்தார். 2012ஆம் ஆண்டு விமானக் கம்பனியார் அச்சலுகைத் திட்டத்திலிருந்து செல்லோவை மட்டுமன்றி அவரையும் நீக்கிவிட்டனர். கட்டணம் செலுத்துகையிற் பிரயாணி, சலுகை பெறுகையிற் பொதி என்பதே வாத்தியத்தின் நிலை போலும்.

வீணைக்கு இவ்வழியில் ஒரு தடையுண்டு. செல்லோவின் உடல் தட்டையானது. வீணையின் குடமோ உருண்டு பருத்தது. ஆசனத்தின் அகலத்திற் குடம் அமையுமாவென அளந்து, பெட்டியின் நீள அகல உயரங்களையும் நிறையையும் கம்பனிக்கு எழுதி, எழுத்துமூலமான சம்மதத்தைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். தொலைபேசியிற் சொன்ன சம்மதம் விமான நிலையத்திற் பயன்படாது. பலாலிக்கும் சென்னைக்குமிடையே பறந்துவரும் சுழல்விசிறி பூண்ட சிறு விமானங்களில் இடம் மேலும் குறுகியதாதலின், இவ்விசாரணை இன்றியமையாதது.

ஐக்கிய அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்றும், 2015 மார்ச்சு 6 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் இசைக்கலைஞர்க்குச் சில உரிமைகளை வழங்கியுள்ளன. சிறு வாத்தியத்தை இடமுள்ளவரை கைப்பொதியாக ஏற்றல் வேண்டும். பெரிய வாத்தியத்துக்கு ஆசனம் வாங்கின், உறையிலிட்டு 165 இறாத்தலுக்கு உட்பட்டிருப்பின் அதனை அனுமதித்தல் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடி 150 அங்குலத்துள் அமையும் வாத்தியத்தைப் பொதியாகவும் ஏற்றல் வேண்டும். பாதுகாப்பும் விமானத்தின் அளவும் இடந்தருதல் வேண்டுமென்பது நிபந்தனை. அந்நாட்டுக் கம்பனிகளையே அவ்விதிகள் கட்டுப்படுத்துவன. ஏனைய கம்பனிகளில் அவரவர் விதியே விதி.

இரண்டாவது வழி, பொதியாகக் கொடுத்தல். நம்மவர் பெரும்பாலும் கொள்வது இதுவே. சாதாரண பொதிக்குப் பல கம்பனிகள் வகுத்த எல்லை, மூன்று அளவுகளும் கூடி 62 அங்குலம், அதாவது 158 சென்ரிமீற்றர். நிறை 23 கிலோ. வீணைப் பெட்டியோ 54 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 16 அங்குல உயரமெனக் கொள்ளின் 88 அங்குலமாகும். மேலதிகக் கட்டணம் தவிர்க்கவியலாதது. நிறை 32 கிலோவைக் கடப்பின் பல இடங்களில் ஏற்கவே மாட்டார். வீணை ஏழெட்டுக் கிலோவே இருக்குமாதலின், நிறையைக் கூட்டுவது பெட்டியே. பலகைப் பெட்டியினும் பைபர்கிளாஸ் பெட்டி இதனாற் சிறந்தது.

இக்காலத்திற் குடத்தையும் தண்டியையும் கழற்றிப் பூட்டும் வீணைகளையும் செய்கின்றனர். அடிக்கடி பிரயாணஞ் செய்யும் மாணவர்க்கு அவை பெரிதும் உதவுவன. பழைய வீணையை அவ்வாறு மாற்ற முயலுதல் மட்டும் ஆகாது.

பொதி செய்யும் முறை

முதலிற் சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியே பஞ்சிற் பொதிந்து கைப்பொதியிற் கொள்க. தந்திகளை இரண்டு மூன்று சுரம் இறக்குக. முற்றாகத் தளர்த்தல் ஆகாது. தந்தியின் அழுத்தமே பல வீணைகளிற் குதிரையைப் பிடித்திருப்பது. அஃது இல்லையேற் குதிரை சாய்ந்து மேற்பலகையைக் கீறும். குதிரைக்குக் கீழும் இருமருங்கும் மெல்லிய துணியை வைத்துக் கட்டுக. தந்திக்கும் மெட்டுக்குமிடையே நீண்ட பருத்தித் துணியொன்றைச் செருகுக; மெழுகு இளகினும் மெட்டுத் தாழாதிருக்க அது உதவும்.

பின்னர் மிக முக்கியமானது: தண்டியின் கீழ் இடைவெளி விடாது முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுத்தல். குடத்துக்கு மெத்தை வைத்துத் தண்டியை அந்தரத்தில் விடுதலே பெரும்பாலோர் செய்யும் பிழை. யாளிமுகம் பெட்டியின் சுவரைத் தொடாதவாறு இரண்டங்குலமாவது இடம் விட்டு, அவ்விடத்தை மெதுவான பஞ்சுறையால் நிரப்புக. எல்லாம் முடிந்தபின் பெட்டியை மூடி மெல்லக் குலுக்கிப் பார்க்க. உள்ளே யாதேனும் அசையுமாயின் பொதி முடியவில்லை என்பது பொருள். மூடுவதற்குமுன் நாற்புறமும் நிழற்படம் எடுத்து வைத்தல் வேண்டும். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

மிருதங்கம் கொண்டுசெல்வோர்க்கு இத்துணைத் துன்பமில்லை. அதன் கட்டை உறுதியானது. வறட்சியில் தோல் இறுகிச் சுருதி ஏறுவதே அங்குள்ள தொல்லை. நாதசுரத்தின் அணசைக் கழற்றித் தனியே பொதிந்தால் எஞ்சிய குழல் எளிதிற் செல்லும்.

சட்டங்கள்

வாத்தியம் உடையாமற் சென்றாலும் சுங்கத்தார் கையில் நின்றுவிடுதல் உண்டு. காட்டு உயிரினங்களின் சர்வதேச வாணிகம் பற்றிய உடன்படிக்கை, சைற்றிஸ் எனப்படுவது, 1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் அதிற் சேர்ந்துள்ளன. பழைய வீணைகள் சிலவற்றில் யானைத்தந்தமும் மான்கொம்பும் அலங்காரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். பாட்டியாரின் வீணையென்னும் பெருமை சுங்கத்தாரிடம் செல்லாது; தந்தம் தந்தமே. அத்தகைய வீணையை உரிய அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுசெல்லின் பறிமுதலாதல் கூடும். கருங்காலி, ஈட்டி முதலிய மரங்களைப் பற்றியும் ஐயம் எழுவதுண்டு. ஈட்டி இனத்து மரங்கள் 2017 சனவரி முதற் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. 2019 நவெம்பரில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, அம்மரங்களாற் செய்து முடித்த வாத்தியங்கள் பெரும்பாலும் விலக்களிக்கப்பட்டன. பலாமரத்துக்கு இத்தடை இல்லை.

இந்தியாவிலிருந்து கொண்டுவருவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவியலாது. பழைய தோற்றமுடைய வீணையாயின், அது அண்மையிற் செய்யப்பட்டதென்பதற்குச் செய்தவரின் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நலம். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் செல்வோர் மரம், தோல், சுரைக்குடுக்கை யாவற்றையும் மறையாது அறிவித்தல் வேண்டும். வண்டரித்த துளையோ மயிர் நீங்காத தோலோ காணப்படின் புகையூட்டவும் தடுக்கவும் அவர்க்கு அதிகாரமுண்டு.

சேதமும் முறையீடும்

எமது தமக்கையாரின் வீணை 1956இற் கப்பலேறி வந்ததென்றோம். 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, அது பழஞ்சேலையிற் சுற்றப்பட்டுத் துவிச்சக்கர வண்டியின்மேற் தென்மராட்சி சேர்ந்தது. அப்பொழுதும் ஒரு மெட்டும் உதிரவில்லை. தமக்கையார் மறைந்தபின், 2016ஆம் ஆண்டு, அதனை ரொறன்ரோவிலுள்ள மருமகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. நல்ல பலகைப் பெட்டி செய்வித்தோம். குடத்துக்கு மெத்தை வைத்தோம். தண்டியை அந்தரத்தில் விட்டோம்.

நவராத்திரி தொடங்குவதற்கு முதல்நாள் வீடு சேர்ந்தோம். பெட்டியில் ஒரு கீறலும் இல்லை. "அம்மாவின் வீணை, மாமா; ஏடு தொடக்கும் நாளிலேயே திறப்போம்" என்றாள் மருமகள். அது தகுதியென்றே எமக்கும் பட்டது. பெட்டியைக் கொலுவின் அருகில் வைத்துப் பூச்சாத்தினோம். பதினொரு நாள் கழித்து விசயதசமியன்று திறந்தபோது தண்டி குடத்தோடு சேருமிடத்தில் முறிந்து கிடந்தது. அன்று ஏடு தொடக்கிய பிள்ளைகளின் முன் ஒருவரும் வாய்திறக்கவில்லை.

கம்பனிக்கு எழுதினோம். சேதத்தைப் பொதி பெற்ற ஏழு நாளுள் எழுத்தில் அறிவித்திருத்தல் வேண்டும், நாட் கடந்துவிட்டது என்று விடை வந்தது. அவர் கூற்றுப் பிழையன்று. சர்வதேச விமானப் பிரயாணம் பற்றிய 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை அவ்வாறே கூறுகின்றது. சேதமுற்ற பொதிக்கு ஏழு நாளுள் முறையீடு; வழக்காயின் இரண்டாண்டுள். ஈட்டுக்கும் ஓர் உச்ச எல்லையுண்டு: 2024 டிசெம்பர் 28 முதல் அது பிரயாணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள், அதாவது ஏறக்குறைய இரண்டாயிரம் அமெரிக்க டொலர். அதனினும் பெறுமதி கூடிய வாத்தியமாயின், பொதி கொடுக்கும்போதே பெறுமதியை விசேடமாக அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்தலாம். அன்றித் தனியாகக் காப்புறுதி செய்யலாம். பொதியின் உள்ளார்ந்த குறையாலாகிய சேதத்துக்குக் கம்பனி பொறுப்பன்று என்றும் அவ்வுடன்படிக்கை கூறுவதால், பொதி நன்கு செய்யப்பட்டமைக்குச் சான்று வேண்டும். முன்னர் நிழற்படம் எடுக்குமாறு கூறியது இதன் பொருட்டே. உடையக்கூடிய பொருளெனக் கம்பனியார் நீட்டும் பொறுப்பு விலக்குச் சீட்டில் வாசியாது கையொப்பமிடுதலும் ஆகாது.

இவ்வகை அனுபவம் எமக்கு மட்டும் உரியதன்று. 2008 மார்ச்சு மாதத்திற் கனடியப் பாடகர் டேவ் கரோல் என்பாரின் கிற்றார் பிரயாணத்தில் உடைந்தது. இருபத்துநான்கு மணி நேரத்துள் முறையிடவில்லையென அவர்க்கு ஈடு மறுக்கப்பட்டது. அவர் 2009ஆம் ஆண்டு அதனையே பாட்டாகப் பாடி வெளியிட, உலகமே கேட்டது. எமக்குப் பாடத் தெரியாது. ஆதலாற் கட்டுரை எழுதுகின்றோம்.

முறிந்த வீணையை ரொறன்ரோவில் வயலின் திருத்துபவர் ஒருவர் ஒட்டினார். மெட்டுக் கட்ட வல்லவர் கிடைக்கும்வரை ஓராண்டு அது ஊமையாயிருந்தது. இன்று மருமகளின் மகள் அதில் வாசிக்கின்றாள். மந்தரத் தந்தியை மீட்டும்போது மட்டும் முன்னில்லாத ஒரு சிற்றதிர்வு கேட்கின்றது. பிள்ளைக்கு அது வீணையின் இயல்பான குரல், எமக்கு அவ்வாறன்று.

ஆதலின் யூபிலி விழாவுக்கு வீணையுடன் வரும் அன்பர்க்கும், இங்கிருந்து கொண்டுசெல்வோர்க்கும் எமது வேண்டுகோள் மூன்றே. தண்டியின் கீழ்த் தாங்கல் கொடுங்கள். கம்பனியின் சம்மதத்தை எழுத்திற் பெறுங்கள். பெட்டியை விமான நிலையத்திலேயே திறந்து பாருங்கள். சேதமிருப்பின் அவ்விடத்திலேயே பதிந்து, எழுத்தில் அறிவித்துவிட்டு வெளியே வாருங்கள். நல்லநாள் பார்ப்பது வாசிக்கத் தொடங்குவதற்கு. திறந்து பார்ப்பதற்கு அன்று. கலைமகள் அதனைக் குறையாகக் கொள்ளாள்.